பார்க்காமல் அடித்த பாஸ்

"கோச்சு, இந்தப் பையன் எபி இல்ல."

"கரெக்ட்" என்றார் கோச்.

தேசிங்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றான். சண்டைக்குத் தயாராக வந்தவனிடம் சட்டென்று ஒப்புக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

ஞானக் கதை என்றால் குருவுக்கு வெள்ளைத் தாடி இருக்கும், பக்கத்தில் ஒரு பெரிய மரம் இருக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. குருவின் பெயர் ஹேமாவதி. கழுத்தில் விசில் தொங்கும். பாலத்தடி கால்பந்து அணியின் கோச். சிஷ்யனைவிட வயதில் சின்னவர் என்பதால், குருதான் சிஷ்யனை அண்ணா என்று கூப்பிடுவார்.

சிஷ்யன் தேசிங்கு, அணியின் லெஃப்ட் பேக். இடது ஓரத்தில் எதிரியைத் தடுத்து நிறுத்துவது அவன் வேலை. அவனுக்கு முன்னால், அதே ஓரத்தில் பாய்ந்து போய்த் தாக்குகிறவன் விங்கர். பல வருஷமாக அந்த விங்கர் எபனேசர். ஊருக்கு எபி.

அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஆடியதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

தேசிங்கு பந்தைப் பிடுங்குவான். தலையைத் தூக்கவே மாட்டான். நடுக்கோட்டைத் தாண்டி, ஓரக்கோட்டை ஒட்டி ஒரே அடி. பந்து விழுகிற இடத்தில் எபி நிற்பான். எப்படித்தான் வந்து நிற்பானோ! வடசென்னையே எழுந்து விசில் அடிக்கும்.

"பாக்காமலே அடிக்கறான்யா!" என்பார்கள். தேசிங்கு அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி மீசையைத் தடவிக்கொள்வான்.

இந்த சீசனில் எபி கோட்டை யுனைடெட் அணிக்குப் போய்விட்டான். பெரிய அணி. வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். போனதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தேசிங்கிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். அது தேசிங்குக்கு வலித்தது. இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

எபியின் இடத்துக்கு வந்தவன் தமீம். பொடியன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"இவன்கிட்ட என்னண்ணா பிரச்சனை?" என்று கேட்டார் கோச்.

"நான் அடிக்கற எடத்துல இருக்க மாட்டேன்றான். பந்து வெளிய போவுது. ஜனம் என்னைத் திட்டுது. எபி இருந்திருந்தா..."

"எபி எப்படி?"

தேசிங்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"எபியா? சுத்தமான எடது கால் கோச்சு. ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சாக்ஸை இழுத்து விடுவான், அதை வச்சே சொல்லிடலாம். கோவம் வந்தா இன்னும் நல்லா ஆடுவான். சேறு புடிக்காது. டிஃபெண்டர் குண்டா இருந்தா வெளிப்பக்கமாப் போவான், ஒல்லியா இருந்தாலும் வெளிப்பக்கமாத்தான் போவான். ஆனாலும் புடிக்க முடியாது!"

"தமீம் எப்படி?"

"எபி மாதிரி இல்ல."

"அது எபியைப் பத்தி. தமீமுக்கு எந்தக் கால்?"

தேசிங்கு வாயைத் திறந்தான். மூடினான்.

"எடதுதான் இருக்கும்."

"இருக்குமா?" என்றார் கோச். விசிலை ஊதிக்கொண்டு மற்றவர்கள் பக்கம் போய்விட்டார்.

*

ஃபைனலுக்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் தயாளன் மைதானத்துக்கு வந்தார். அவர் எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

"தேசிங்கு, அவன் பின்னாடி ஆடறவன் நீ. ஃபைனல் முடிஞ்சதும் நீ சொல்லு. எபிக்கு ஈடா வருவான்னா வச்சுக்கலாம். வரமாட்டான்னா அனுப்பிட்டு வேற ஆளைப் பாக்கலாம். நீ சொல்றதுதான் முடிவு."

தேசிங்கு தலையாட்டினான். அவன் மனதில் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த தமீம், கட்டின முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அன்று பயிற்சியில் கோச் தமீமைக் கூப்பிட்டு, மைதானத்துக்கு வெளியே நிற்கச் சொன்னார்.

"அண்ணா, பாஸ்!"

தேசிங்கு அடித்தான். நடுக்கோட்டைத் தாண்டி, ஓரக்கோட்டை ஒட்டி அழகாகப் போன பந்து, எடுக்க ஆளில்லாமல் வெளியே உருண்டது.

"யாருமே இல்லியே கோச்சு!"

"தமீமை உள்ள விடட்டுமா?"

"விடுங்க."

தமீம் உள்ளே வந்தான். ஓரத்தில் நிற்காமல், நடுவாக இரண்டு டிஃபெண்டர்களுக்கு இடையில் போய் நின்றான்.

"அண்ணா, பாஸ்!"

தேசிங்கு அடித்தான். பந்து அதே பாதையில் போய், அதே இடத்தில் விழுந்து, அதே மாதிரி வெளியே உருண்டது.

"பாத்தீங்களா கோச்சு? பாத்தீங்களா? அங்க இல்ல பாருங்க அவன்!"

கோச் சிரித்தார். வாயிலிருந்த விசில் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

தேசிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனான்.

*

ஃபைனலில் எதிர் அணி யார் என்று நினைக்கிறீர்கள்? கோட்டை யுனைடெட்டேதான்!

நிற்க இடமில்லை. சுவர்மேல் ஆள், ஆட்டோமேல் ஆள். மைதானமே கொதித்துக்கொண்டிருந்தது.

கோட்டை அணியில் எபியை வலது பக்கம் ஆடவிட்டிருந்தார்கள். அதாவது தேசிங்குக்கு நேர் எதிரே.

மேட்ச் தொடங்குமுன் எபி ஓடிவந்து தேசிங்கைக் கட்டிக்கொண்டான்.

"தேசிங்கண்ணா, நல்லா இருக்கியா?"

"ம்" என்றான் தேசிங்கு.

முதல் பாதி முழுக்க இழுபறி. அவர்கள் வருவதும், இவர்கள் தடுப்பதும். பாதி முடியப் போகிற நேரத்தில் தேசிங்கு ஒரு பந்தைப் பிடுங்கினான் பாருங்கள், அடடா! மைதானம் எழுந்துவிட்டது. எல்லாருக்கும் பழைய ஞாபகம்.

தேசிங்கு தலையைத் தூக்கவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி, ஓரக்கோட்டை ஒட்டி ஒரே அடி.

பந்து விழுந்த இடத்தில் எபி இருந்தான்.

தேசிங்கு காலைத் தூக்கியபோதே எபி சாக்ஸை இழுத்துவிட்டு ஓடத் தொடங்கியிருக்கிறான். பந்தை நெஞ்சில் வாங்கினான், திரும்பினான், காலியாகக் கிடந்த ஓரத்தில் பறந்தான். தேசிங்கு துரத்தினான். எபியை யார் பிடிக்க முடியும்?

கோல்!

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் "எபீ!" என்று கத்திக் குதித்துவிட்டார்கள். குதித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். நானும்தான்.

*

இடைவேளையில் தேசிங்கு பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோச்சு, என்னை வெளிய எடுத்துடுங்க. மோசமான பாஸ்."

"நல்ல பாஸ்ணா."

"கிண்டல் பண்ணாதீங்க."

"யாருக்கு அடிச்சீங்க?"

தேசிங்கு ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"எபிக்கு அடிச்சீங்க. எபி வாங்கிக்கிட்டான்."

தேசிங்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குனிந்தபடியே கேட்டான்.

"நான் இப்ப இன்னா பண்ணணும்?"

"தண்ணி குடிங்க. இந்தாங்க."

தேசிங்கு குனிந்தபடியே கையை நீட்டினான். கையில் ஒன்றும் படவில்லை. இந்தப் பக்கம் துழாவினான். அந்தப் பக்கம் துழாவினான்.

"எங்க கோச்சு?"



தேசிங்கு தலையைத் தூக்கினான். கோச் பாட்டிலைத் தன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

அதை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

*

இரண்டாம் பாதி.

கோட்டை அணி அடுத்த கோலுக்குப் பாய்ந்து வந்தது. தேசிங்கு மறுபடி ஒரு பந்தைப் பிடுங்கினான். எதிரே எபி சாக்ஸை இழுத்துவிட்டான்.

தேசிங்கு காலைத் தூக்கினான்.

கூடவே தலையையும் தூக்கினான்.

தமீம் தூரத்தில் நின்றிருந்தான். இடுப்புக்குக் கீழே கையை வைத்து, விரலால் உள்பக்கம் காட்டிக்கொண்டிருந்தான். சீசன் முழுக்க அதைச் செய்துகொண்டுதான் இருந்தான். நாங்கள் அவன் தொடையைச் சொறிகிறான் என்று நினைத்திருந்தோம்.

எபி ஓரக்கோட்டுக்கு ஓடிவிட்டான். அங்கே பந்து வரவில்லை.

பந்து உள்ளே போனது. தமீமின் காலுக்கு, வெண்ணெய் மாதிரி.

பையன் ஒரு டிஃபெண்டரைத் தாண்டினான். இன்னொருவன் வந்தான், அவனையும் தாண்டினான். உள்ளே, இன்னும் உள்ளே! கோல்கீப்பர் வெளியே வந்தான். தமீம் வலது காலால் வளைத்து ஓர் அடி அடித்தான்.

கோல்! கோல்! பக்கத்தில் நின்றவர் யாரென்று தெரியாமலே அவரைக் கட்டிக்கொண்டேன்.

எல்லாரும் தமீமை நோக்கி ஓடினார்கள். தேசிங்கு மட்டும் எதிர்த் திசையில் கோச்சிடம் ஓடினான்.

"கோச்சு! வலது கால் கோச்சு! பையனுக்கு வலது காலு!"

"அப்படியா?" என்றார் கோச்.

திரும்பி வரும்போது தேசிங்கு தமீமின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான்.

"உள்ள வேணும்னு சொல்லவே இல்லியேடா!"

"எல்லா மேட்ச்சிலயும் கை காட்னேனேண்ணா."

தேசிங்கு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ரெஃப்ரி வந்து விரட்ட வேண்டியதாகிவிட்டது.

ஆட்டம் முடியப் போகிறது. ஒன்றுக்கு ஒன்று. மறுபடி பந்து தேசிங்கின் காலில். இந்தத் தடவை எபி ஏமாறத் தயாராக இல்லை. தமீமின் வழியை அடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றான். கூட இரண்டு பேர்.

தேசிங்கு பார்த்தான்.

தமீமின் விரல் இப்போது வெளிப்பக்கம் காட்டியது.

நடுக்கோட்டைத் தாண்டி, ஓரக்கோட்டை ஒட்டி ஒரே அடி!

"ஐயோ, பழையபடி அங்கியே அடிக்கறானே!" என்று என் பின்னால் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பந்து விழுந்த இடத்தில் தமீம் இருந்தான்.

அவன் ஓடிய ஓட்டத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. மூலை வரைக்கும் போய், திரும்பிக் கோலுக்கு முன்னால் போட்டான். எங்கள் ஆள் ஒருவன் தலையால் முட்டினான். வலை ஆடியது. மைதானத்தில் ஒரு பாதி "எபீ" என்று தொடங்கி, பாதியிலேயே "தமீம்!" என்று திருத்திக்கொண்டது.

கோப்பை எங்களுக்கு!

*

கூட்டம் உள்ளே பாய்ந்துவிட்டது. அந்த நெரிசலில் எபி தேசிங்கைத் தேடி வந்தான்.

"அந்த எடத்துக்கு இனிமே நீ அடிக்க மாட்டேன்னு நெனச்சேண்ணா."

"நானுந்தாண்டா" என்றான் தேசிங்கு.

"சொல்லாம போயிட்டேன்ணா. உன் மூஞ்சியப் பாத்தா போக முடியாது, அதான்."

தேசிங்கு இந்தத் தடவை அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். வலி எங்கே போனது என்று தெரியவில்லை, போய்விட்டது.

செயலாளர் தயாளன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். கொஞ்ச தூரத்தில் பையன்கள் தமீமைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள். செயலாளரைப் பார்த்ததும் தமீமின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஜெயிச்ச சந்தோஷத்துல சொல்லாத தேசிங்கு. யோசிச்சுச் சொல்லு. எபிக்கு ஈடா வருவானா?"

"தெரியல சார்."

"தெரியலயா? சீசன் முழுக்க கூடவே ஆடினியேப்பா!"

தேசிங்கு தலையைத் தூக்கி, தோள்களின் மேல் உட்கார்ந்திருந்த தமீமைப் பார்த்தான்.

"இப்பத்தான் சார் மொதமொதல்ல பாக்கறேன். இன்னும் கொஞ்ச வருஷம் பாக்கணும்."