வெள்ளிக் கம்பியும் கொய்யாக் கிளையும்

ஜமீன்தாரின் செல்லக் கிளிக்குக் கால் முழுக்கப் புண். கூண்டு கழுவும் அங்கம்மாள்தான் காரணமாம்!

"சாயங்காலத்துக்குள்ள குணமாகணும். இல்லேன்னா வேலைக்கு வராதே!" என்று விருந்தாளிகள் முன்னால் கத்தினார்.

அங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளி உட்கார வழவழவென்று வெள்ளிக் கம்பி மாட்டியது அவளா?

"எசமான், வெள்ளிப் பாதக்குறடு வச்சிருக்கீங்களே, ஏன் தோல் செருப்பு போட்டிருக்கீங்க?"

"அதைப் போட்டுக்கிட்டு நாள் பூரா யாரு நிக்கிறது? வழுக்குது, காலு வலிக்குது!"

"கிளி ராவும் பகலும் அந்த வெள்ளியிலதான் நிக்குது, எசமான். அதுக்குக் கழற்றிப் போடவும் வழியில்லையே!"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அங்கம்மாள் கம்பியை உருவிவிட்டு, சொரசொரப்பான கொய்யாக் கிளையை மாட்டினாள். கிளி விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"இந்தக் கம்பியை என்ன செய்யறது?" என்று முனகினார் ஜமீன்தார்.

"பாதக்குறடு பக்கத்துல வைங்க எசமான். ரெண்டும் வர்றவங்க பார்க்கத்தானே!"