வடக்கே நகர்ந்த படம்

கதை சொல்வது என் கடன், தீர்ப்பு கேட்பவருடையது.

எங்கள் தெருவுக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்த ஆண்டு அது. வண்டிக்கு உடையவர் வைத்தியலிங்க ஓதுவார். சிவப்பு வண்ணம், பிரிக்கப்படாத இருக்கை உறையின் மணம், நாற்பதுக்கு மேல் ஓட்டாத நிதானம். மாலையில் அந்த ஒலி தெருமுனையைக் கடந்தால் விளக்குக்குத் திரி போடும் நேரம் ஆயிற்று என்று பெண்கள் அறிவார்கள். இன்று தெருவெங்கும் வண்டிகள். எதன் ஒலியும் யாருக்கும் நேரம் சொல்வதில்லை.

ஆசைக்காக அவர் அதை வாங்கவில்லை. முந்தைய மார்கழியில் அவருக்குக் குரல் அடைத்துப்போயிற்று. பாடுவதையே பிழைப்பாகவும் பிறவிப்பயனாகவும் கொண்டவர் ஐந்து மாதம் பேச்சின்றி இருந்தார். குரல் மீண்டால், கொள்ளிடத்தின் அக்கரையில் ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவன் கோயிலில், நாற்பத்தெட்டு நாள் அந்தி விளக்கின்போது சன்னதியில் நின்று பதிகம் பாடுவதாக வேண்டிக்கொண்டார். ஒரு மாலை தவறினாலும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். குரல் மீண்டது, வண்டியும் வந்தது.

நாற்பது நாளில் வண்டி எழுநூற்றைம்பது கிலோமீட்டரை நெருங்கியது. முதல் சர்வீசுக்கு உரிய அளவு அதுதான். கடையில் விட்டால் இரண்டு நாள் பிடிக்கும். இரண்டு மாலை போய்விடும். ஆகவே வண்டியோடு வந்த கையேட்டைப் பதிகத்துக்குப் பொருள் காண்பதுபோல் வரிவரியாகப் படித்து, தாமே செய்வதென்று துணிந்தார்.

நாற்பத்தொன்றாம் நாள் ஆயுத பூசை. காலையில் செயினை இறுக்கினார். காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்தார். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். கறுத்து வடிந்த எண்ணெயில் உலோகத்துகள் மினுங்கிற்று.

"பொறந்ததுமே இதுக்கும் ஆணவ மலம் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு" என்று மனைவி சௌந்தரநாயகியிடம் காட்டிச் சிரித்தார்.

பழைய எண்ணெய் சொட்டுச்சொட்டாக முற்றும் வடியட்டும் என்று தட்டை வைத்தார். போல்ட்டையும் ஸ்பேனர்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து, புது எண்ணெய் டின்னோடு வரிசையாக வைத்தார். பிறகு குளித்து, உள்ளூர்க் கோயில் அபிடேகத்துக்குப் பாடச் சென்றார். திரும்புகையில் மணி நாலே முக்கால்.

இதற்கிடையில் நாயகி பூசையை முடித்திருந்தாள். துடைத்துத் துணிமேல் வைத்த கருவிகள் பூசைக்கென்றே வைத்தவை என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை. புத்தகங்களோடு அவற்றையும் சரசுவதி படத்தின் முன் அடுக்கிக் கற்பூரம் காட்டிவிட்டாள். இன்னதென்று அறியாத அந்தப் போல்ட்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு.

அந்தப் போல்ட்டு இல்லாமல் எண்ணெய் நிற்காது, வண்டி ஓடாது. பூசையில் வைத்ததையோ அன்று தொடுவதில்லை. மறுநாள் காலை மறுபூசை செய்து, படத்தைச் சற்றே வடக்கு நோக்கி நகர்த்தி, விடைபெற்ற பின்னரே எடுப்பது மரபு. தெருவிலிருந்த மிதிவண்டிகளும் பொட்டும் மாலையுமாக நின்றன. அக்கரைக்குப் போகும் ஒரே பேருந்து அன்று பிற்பகலோடு கொட்டகையில் அடங்கிவிட்டது.

நாயகி கண்கலங்கி நின்றாள். சுண்டலுக்கு வந்திருந்த அவள் தம்பி வேதையன், அரிசி மில்லில் எஞ்சின் பார்ப்பவன், சிரித்தான்.

"சரஸ்வதிக்கு ஏறிப்போக அன்னம் இருக்கு அத்தான். போல்ட்டை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க?"

ஓதுவார் சிரிக்கவில்லை. "வச்சது வச்சதுதான். என் வேண்டுதலுக்காக அம்பாள் முன்னாடி இருக்கறதை எடுக்க எனக்கு உரிமை ஏது?" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். மூட்டுவலிக்காரர் அந்தி விளக்குக்கு முன் ஒன்பது கிலோமீட்டரைக் கடக்கமாட்டார் என்பது மூவருக்கும் தெரியும்.

அவர் தலை மறைந்ததும் வேதையன் பூசைக்குள் கை நீட்டினான். நாயகி அந்த மணிக்கட்டைப் பற்றினாள்.

"நான் வச்சதுடா. நீ எடுத்தா திருட்டு."

அவளே மறுபடி கற்பூரம் ஏற்றினாள். பூவிட்டு வணங்கினாள். படத்தை நாலு விரற்கடை வடக்கே நகர்த்தினாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாள்தொட்டு அந்த வீட்டில் விடியுமுன் பூசை கலைந்ததில்லை. போல்ட்டையும் ஸ்பேனரையும் டின்னையும் எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

வேதையன் போல்ட்டை முடுக்கி, எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கிளப்பிப் பாலத்தருகே அத்தானைப் பிடித்தான். ஓதுவார் நொண்டிக்கொண்டிருந்தார், கதிரவன் பனையுயரத்துக்கு இறங்கியிருந்தான். ஆயினும் அவர் ஏறவில்லை. எந்தப் போல்ட்டு, எந்த எண்ணெய் என்று கேட்டார்.

"ரெண்டும் மில்லுல கிடந்தது அத்தான். போல்ட்டு அளவு சரியா இருந்துச்சு."

ஏறினார். குருக்கள் தீபத்தைக் கையில் எடுக்கும் வேளையில் சன்னதிக்குள் நுழைந்து பாடினார். வேண்டுதல் முறியவில்லை.

தம் வேண்டுதலே போனாலும் போகட்டும் என்று, வைத்ததைத் தொடாமல் நடந்தார் ஓதுவார். காலம் வருமுன் பூசையை முடித்து எடுத்துக் கொடுத்தாள் நாயகி. பொய் சொல்லி ஏற்றிச் சென்றான் வேதையன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நாயகி செய்ததே சரி. வைத்தவளே வணங்கி விடைபெற்று எடுத்தாள். நேரம் தவறிற்றேயன்றி முறை தவறவில்லை. ஓதுவார் முறையைக் காத்தார். ஆனால் வேண்டுதலை முறித்தவள் என்னும் பழி ஆயுள் முழுதும் மனைவியின் தலையில் கிடக்குமே என்று அவர் எண்ணவில்லை. வேதையன் சொன்னது அன்பினால் வந்த பொய்; எனினும் இறைவன்முன் நிற்கப்போகிறவரை உண்மை அறியாமல் நிற்கவைத்த பொய். திரும்பி வந்த கணவர் செருப்பைக் கழற்றுமுன் நாயகியே நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் "அம்பாளைக் கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றாள். "அப்போ சரி" என்று காலலம்பப் போனார். வேதையன் மட்டும் இத்தீர்ப்பை இன்றளவும் ஒப்பவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தான் பாலத்திலேயே நின்றிருப்பார் என்கிறான். ஓதுவார் இருந்த நாளில் அதை அவரிடமே கேட்டிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.