அடுக்களைச் சிரிப்பு

“அந்தச் செண்பகத்தை அடுக்களைக்கு மாத்திடுங்கம்மா,” என்றாள் நாயகி.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“அவ என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யலை.”

“சரி.”

“ஒண்ணும் செய்யாமலே எல்லாப் பிள்ளைகளையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டா.”

குருவுக்கு நாற்பது வயது. நாயகிக்கு அறுபதுக்கு மேல். குரு அவளை அக்கா என்பார். அவள் குருவை அம்மா என்பாள். அந்த ஆற்றங்கரை மடத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிள்ளைகள் மடத்துக்கு வருவார்கள். நாயகிதான் பாய் விரித்து, அவர்களுக்கு மண்ணிலும் காகிதத்திலும் ஏதாவது செய்யக் கற்றுக்கொடுப்பாள். பங்குனியில் செண்பகம் புதிதாக வந்து சேர்ந்தாள். அவள் இன்னொரு பாய் விரித்தாள். வெள்ளைப் பசையில் கலர் கலக்கி, அது திரள வெண்காரத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கைக்குக் கை இழுபடும் ஸ்லைம் செய்து காட்டினாள். பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

மறுவாரம் நாயகியும் ஸ்லைம் செய்தாள். இறுகிப்போயிற்று. அதற்கடுத்த வாரமும் இறுகிப்போயிற்று.

“போன ஞாயிறு என் பாயில ஒரே ஒரு பிள்ளைம்மா. அதுக்கும் காய்ச்சல். எந்திரிச்சுப் போகத் தெம்பில்லாம உக்காந்திருந்துச்சு.”

“உங்க ஸ்லைம் ஏங்க்கா இறுகுது?”

“அளவுல தப்பே கிடையாது. நாட்டு மருந்துக் கடையில மருந்து நிறுத்துக் குடுத்தவ நான். கிண்ணம் பசைக்கு வெண்காரத் தண்ணி ரெண்டு ஸ்பூன். ஒரு சொட்டு கூடாது, குறையாது. அவ பக்கத்துல இருக்கிறதுதான் ஆகலை.”

குரு ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

நாயகியின் குரல் இறங்கியது.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. இந்தப் பிள்ளைங்களும் போயிட்டா, இந்த மடத்துல நான் யாருக்கு?”

“சரிக்கா. வர்ற ஞாயிறு செண்பகம் அடுக்களைக்குப் போகட்டும்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நாயகி நினைக்கவில்லை.

செண்பகத்திடம் அவளே போய்ச் சொன்னாள்.

“அடுக்களையா? ஐயோ, நல்லதாப் போச்சு பெரியம்மா. ஆவுடையப்பண்ணன்கிட்ட முறுக்குச் சுத்தக் கத்துக்கிடுவேன்.”

அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் நாயகிக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பாய்தான். பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“செண்பகக்கா எங்க ஆச்சி?” என்றாள் இசக்கி. முன்பல் இரண்டும் விழுந்த சிறுமி.

“வேலையா இருக்கா.”

“எப்ப வருவாவ?”

“முதல்ல கையை நீட்டு.”

குரு வந்து கடைசி வரிசையில் சம்மணம் போட்டார்.

“இன்னைக்கு நானும் பிள்ளை. ஆச்சி, எனக்குப் பச்சைக் கலர்.”

“அம்மா, பச்சை எனக்கு!” என்றான் பக்கத்துப் பையன்.

“நான்தான் முதல்ல கேட்டேன்.”

“நீங்க பெரியவங்க. விட்டுக் குடுக்கணும்லா?”

குரு விட்டுக்கொடுத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். தன் பாயில் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நாயகிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பெரிய கிண்ணத்தில் பசையை ஊற்றினாள். முதலில் சிவப்பைக் கலக்கினாள். வெண்காரத் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து ஊற்றினாள். ஒரு ஸ்பூன். இன்னொரு ஸ்பூன்.

“அவ்வளவுதான். இப்போ பிசையணும். இசக்கி, நீ பிசை.”

இசக்கி இரண்டு கையையும் விட்டாள்.

“ஆச்சி, ஒட்டுது.”

“முதல்ல ஒட்டும். பிசையப் பிசைய விட்டுடும்.”

அடுக்களையில் செண்பகம் சிரித்தாள்.

பாத்திரம் உருள்வது போல ஒரு சிரிப்பு. பின்னாலேயே சமையல்கார ஆவுடையப்பனும் சிரித்தார். இருபது வருஷமாக அந்த மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அப்படி என்ன சொல்லியிருப்பாள்? முறுக்கு கோணலாய்ப் போயிருக்குமோ? கோணலாய்ப் போனால் ஒருத்தி சிரிப்பாளா?

நாயகி ஸ்பூனைக் கிண்ணத்தில் சாய்த்தாள்.

“எங்க விட்டேன்? ஆங், பிசை.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை கைதட்டல் வேறு.

ஒரு பையன் அடுக்களைப் பக்கம் கழுத்தைத் திருப்பினான். நாயகி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னொரு ஸ்பூன் ஊற்றினாள்.

“ஆச்சி, இப்ப ஒட்டலை,” என்றாள் இசக்கி. “ஆனா…”

“ஆனா என்ன?”

“வலிக்குது. பிசைய முடியலை.”

நாயகி குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தாள். சிவப்பாய் ஓர் உருண்டை கிடந்தது. எடுத்து இழுத்தாள். பட்டென்று இரண்டாக அறுந்தது. ஒரு துண்டு தரையில் விழுந்து டொக்கென்றது.

“ஏலே, இதை வச்சுக் கிரிக்கெட் ஆடலாம்லே!” என்றான் பச்சை கேட்ட பையன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு நெஞ்சைக் குளிர்விக்கவில்லை.

“ரெண்டு ஸ்பூன்தானேம்மா ஊத்தினேன்,” என்றாள் நாயகி குருவிடம். “நீங்களே பாத்தீங்கல்ல? அளந்துதானே ஊத்தினேன்?”

குரு இசக்கியைப் பார்த்தார்.

இசக்கி கையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டு ஸ்பூன் அளந்து ஊத்துனீய. பொறவு செண்பகக்கா சிரிக்கையில எல்லாம் ஒண்ணு ஊத்துனீய.”

நாயகி கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது.

பிள்ளைகள் கேட்காதபடி குருவிடம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அடுக்களை ரொம்பக் கிட்டக்க இருக்கும்மா. அதான். அவளைத் தோட்டத்துக்கு அனுப்பிடுங்க.”

“அனுப்பிடலாம்.”

“தோட்டமும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு.”

“ஆமா.”

“அவ ஊருக்கே அனுப்பிடுங்களேன்.”

“அனுப்பிடலாம்க்கா. ஆனா அங்கயும் சிரிப்பாளே.”

“சிரிக்கட்டும். எனக்குக் கேக்காதுல்ல?”

குரு தரையில் கிடந்த துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“எந்த ஊருன்னா கேக்காதுக்கா? நீங்களே ஒரு பேரைச் சொல்லுங்க. நாளைக்கே பஸ் ஏத்தி விடுதேன்.”

நாயகி வாயைத் திறந்தாள்.

அடுக்களையில் சத்தம் அடங்கி நேரமாகியிருந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை. யாரும் பேசக்கூட இல்லை.

நாயகி இன்னும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.