கீரி எண்ணிய புளிக் கூடைகள்

ஆற்றங்கரைக் காட்டில் சடைச்சி என்றொரு கீரி புளி உடைக்கும் கொட்டகை நடத்தி வந்தது. அங்கே வேலைக்கு மூன்று அணில்கள், ஓர் ஆமை. ஆமையின் பெயர் பொறையன்.

ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகக் கரடி மூச்சிரைக்க ஓடி வந்தது.

“சடைச்சி! எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறது. மூன்றே நாளில் மழை! அதற்குள் ஐம்பது கூடை புளி தருவாயா? முடியாதென்றால் சொல்லிவிடு, நான் குரங்குகளிடம் போகிறேன்!”

“தருகிறேன்! தருகிறேன்!” என்று குதித்தது சடைச்சி. இவ்வளவு பெரிய வேலை அந்தக் கொட்டகைக்கு வந்ததே இல்லை!

அன்று பொழுது சாயும்போது கூடைகளை எண்ணியது. இருபது! நாலு பேருக்கு, ஆளுக்கு ஐந்து.

‘மழை ஒரு நாள் முந்தி வந்துவிட்டால்? இன்னும் வேகம் வேண்டுமே!’

ஒவ்வொருவர் முன்னாலும் போய்ப் பார்த்தது. அணில்கள் முன்னால் புளி மலைபோல் குவிந்திருந்தது. பொறையன் முன்னால் ஒரு சுளைகூட இல்லை!

“நீ எத்தனை பழம் உடைத்தாய்?”

“ஒன்றும் உடைக்கவில்லை தாயி. நான் வந்து...”

“போதும்! மூன்று பேர் உழைப்பில் நாலாவது ஆளா? நாளைக்கு வராதே!”

பொறையன் ஆற்றுப் பக்கம் நடந்தது. சடைச்சிக்கோ ஒரே குஷி! அதே இருபது கூடை, மூன்றே பேர். ஆளுக்கு ஏறக்குறைய ஏழு!

மறுநாள் எண்ணியது. ஒன்பதே கூடை! ஆளுக்கு மூன்று!

“தூங்கினீர்களா?” என்று சீறியது.

“தூக்கமா!” என்று கத்தியது மூத்த அணில் வாலாயி. “மரத்தடிக்கும் கொட்டகைக்கும் ஓடியே கால் ஓய்ந்துபோச்சு அக்கா! பழமெல்லாம் ஈரம். ஓடு நொறுங்காமல் பல்லில் ஒட்டுகிறது. பொறையண்ணன்தான் பாறையில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்து, முதுகில் சுமந்து வந்து தருவார். நாங்கள் தொட்டதும் உடையும்!”

சடைச்சிக்கு முகம் செத்துப்போனது. ஒரே ஓட்டமாக ஆற்றங்கரைக்கு ஓடியது.

“அண்ணே, என் கண்ணுக்குக் குவியல்தான் தெரிந்தது, நீங்கள் தெரியவில்லை. தப்பு என்மேல்தான். வாங்கண்ணே!”

பொறையன் கரையேறி வந்தது. பிறகு சொன்னது: “வருகிறேன் தாயி. ஆனால் அணில்களைப் பாறைக்குப் பக்கத்திலேயே உட்கார வை. எனக்கு நடை மிச்சம், அவர்களுக்குக் காத்திருப்பு மிச்சம்.”

மூன்றாம் நாள் மேற்கே கருமேகம் திரண்டது. பாறையடியில் ‘படபட’வென்று ஓடுகள் நொறுங்கின! சடைச்சி எண்ணியது. இருபத்துநாலு! ஆளுக்கு ஆறு! மொத்தம் ஐம்பத்துமூன்று!

கரடி கடைசிக் கூடையைக் குகைக்குள் வைத்ததும் மழை கொட்டியது. நனைந்துகொண்டே அணில்களும் கீரியும் ஆமையைச் சுற்றிக் கும்மாளம் போட்டன!

ஒருவரின் உழைப்பை அவர் முன்னால் கிடக்கும் குவியலை மட்டும் பார்த்து அளக்காமல், அவரால் மற்றவர் குவியல் எவ்வளவு உயர்கிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.