கொக்கியில் விரிசல் உள்ள தொட்டில்

ஒரு காட்டில், மலை உச்சியில் டவர் வந்த நாள் முதல், எல்லார் கையிலும் ஒரு போன் இருந்தது. அந்தப் போனுக்குள் 'இலைச்சந்தை' என்று ஒரு சந்தையும் இருந்தது. வீட்டில் சும்மா கிடக்கிற பழைய சாமானைப் படம் எடுத்து அதில் போடுவார்கள். வேண்டியவர்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். காசு கிடையாது, பொருளுக்குப் பொருள்தான். பானையைக் கொடுத்துப் பாய் வாங்கலாம். பாயைக் கொடுத்து முறம் வாங்கலாம்.

அந்தச் சந்தையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பொருளை வாங்கிப் போனவர், அது தன் வீட்டில் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து, கொடுத்தவருக்கு அனுப்புவார். அதற்கு 'வீட்டுப் படம்' என்று பெயர். கட்டாயம் ஒன்றும் இல்லை. மனசு நிறைந்தால் அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

அங்கே ஒரு நரி இருந்தது. சந்தைக்குப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அதன் தொழில். உடைந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைக்கும். கீறல் இருந்தால் அதன்மேல் ஒரு பூவை வைக்கும். பாதிக் காட்டின் சாமான் அதன் கை வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் நரிக்கோ, அது படம் எடுத்துக் கொடுத்தவர்களுக்கோ ஒரு வீட்டுப் படம்கூட வந்ததில்லை. "படத்த வெச்சு என்ன பண்றது? சோறா போடும்?" என்று சொல்லிக்கொள்ளும்.

அந்த வருஷம் மழைக்காலம் நெருங்கியபோது, முள்ளம்பன்றியின் வளைக்கு மேலே மண் சரிந்து வானம் தெரிந்தது. உள்ளே இரண்டு குட்டிகள். ஒரு தார்ப்பாய் கிடைத்தால் மேலே போட்டுக்கொள்ளலாம். மாற்றுக்குக் கொடுக்க அதனிடம் இருந்ததோ ஒரே ஒரு மரத்தொட்டில். குட்டிகள் முள் முளைத்த பிறகும் இறங்க மாட்டேன் என்று ஆடியதில், தொட்டிலின் இடதுபக்கக் கொக்கியில் விரிசல் விட்டிருந்தது.

படம் எடுக்க நரி வந்தது. தொட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"தங்கச்சி, இந்தக் கொக்கி மேல ரெண்டு செம்பருத்திய வெச்சிடு. கீழ இருந்து எடுத்தா புதுசு மாதிரி இருக்கும். பொழுது சாயறதுக்குள்ள தார்ப்பாய் உன் வீட்டுக்கு வந்துடும்."

முள்ளம்பன்றி மேகத்தைப் பார்த்தது. ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது. செம்பருத்தியைப் பறிக்கக் கையும் நீட்டிவிட்டது. அப்புறம் கையை இழுத்துக்கொண்டது.

"வேணாம் நரியண்ணே. இதுல ஒரு குழந்தையத்தானே போடுவாங்க? அது விழுந்தா?"

"விழுந்தா அவங்க வீட்டுலதானே விழும்!"

"யார் வீட்டுல விழுந்தாலும் வலிக்குமே அண்ணே."

"அப்ப நனைஞ்சிக்கிட்டே கெட!" என்று வாலை உதறிக்கொண்டு நரி போய்விட்டது.

முள்ளம்பன்றி தானே படம் எடுத்தது. கொக்கியை மட்டும் பெரிதாக எடுத்து முதலில் போட்டது. கீழே இப்படி எழுதியது: 'மரத்தொட்டில். இடதுபக்கக் கொக்கியில் விரிசல் இருக்கிறது. சரிசெய்யாமல் குழந்தையைப் போட வேண்டாம். எனக்குக் கையால் முடிச்சுப் போட வராது, அதனால் அப்படியே இருக்கிறது. மாற்றுக்கு ஒரு தார்ப்பாய் வேண்டும்.'

கேள்விகள் வந்தன.

"இருக்கா?" என்றது காட்டுப்பூனை. "இருக்கு" என்று பதில் போனதும் காட்டுப்பூனையைக் காணோம்.

"நீல நிறத்தில் கிடைக்குமா?" என்று கேட்டது மயில்.

"பாதித் தார்ப்பாய் தரேன், முழுத் தொட்டில் குடுப்பியா?" என்றது கழுதைப்புலி.

தார்ப்பாய் மட்டும் வரவில்லை. மேகம் நாளுக்கு நாள் கறுத்தது.

இதற்கிடையே நரிக்கே ஒரு குட்டி பிறந்தது. குட்டிக்குத் தொட்டில் வேண்டும் என்றது பெண்நரி. இலைச்சந்தையைத் திறந்து பார்த்தது.

"ஏங்க, நம்ம முள்ளம்பன்றி தொட்டில் இன்னும் போகல போல. ஒரு கொக்கிதானே, மாத்திக்கலாம்ல?"

நரி சிரித்தது. "உனக்கு ஊர் உலகம் தெரியல. வெளிய ஒரு குறையச் சொல்றவ உள்ள எத்தனை வெச்சிருப்பா? இங்க பாரு, மரநாய் ஒரு தொட்டில் போட்டிருக்கான். என்ன பளபளப்பு! சுத்திப் பூ வேற!"

அன்றைக்கே ஒரு குடுவைத் தேனைக் கொடுத்து, மரநாயின் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

முள்ளம்பன்றிக்கு அன்று ஒரு படம் வந்தது. ஒரு தார்ப்பாய். அதில் ஒரு கிழிசல். கிழிசலுக்குள் ஒரு விரல் நுழைந்து வெளியே எட்டிப் பார்த்தது. அனுப்பியது தேவாங்கு.

'அக்கா, என் தார்ப்பாயும் கிழிசல்தான். என் விரல் போகிற அளவுக்கு. உங்களுக்கு ஆகுமா? எனக்கு இது நிறைமாசம். கொக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் பிடித்துக் கட்டினால் எதுவும் அவிழாது.'

'வாம்மா, வா' என்று முள்ளம்பன்றி பதில் போட்டது.

தேவாங்கைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் ஒரு பூ பூத்து உதிர்ந்துவிடும். மலையடிவாரத்தில் இடி இடிக்கத் தொடங்கிய பிறகுதான் அது வந்து சேர்ந்தது. தார்ப்பாயை விரித்தால் கிழிசலைக் காணோம். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்து, மேலே பிசினும் தடவியிருந்தது.

"இது எப்பம்மா தைச்சே?"

"வர்ற வழியிலதான் அக்கா. நான்தான் மெதுவா வருவேனே, நெறைய நேரம் இருந்துச்சு."

இரண்டும் சிரித்துக்கொண்டன. தேவாங்கு அங்கேயே உட்கார்ந்து, விரிசல் விட்ட கொக்கியைக் கழற்றிவிட்டுக் காட்டுக்கொடியை முறுக்கிக் கட்டியது. முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளையும் அதில் ஏற்றி ஆட்டிப் பார்த்தது. கொடி அசையவில்லை. "இறங்க மாட்டோம்!" என்று குட்டிகள் பழையபடி அடம் பிடித்ததுதான் பெரிய பாடாகிவிட்டது.

மழை வந்தது. இப்படி அப்படி இல்லை, ஓடை ஏறி வருகிற மழை. ஊரெல்லாம் நனைந்தபோது முள்ளம்பன்றியின் குட்டிகள் தார்ப்பாயின் கீழே படுத்துக்கொண்டு, மேலே விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றி அதைப் படம் எடுத்துத் தேவாங்குக்கு அனுப்பியது. 'ஒரு சொட்டு இறங்கலம்மா. நீ நல்லா இருக்கணும்.'

மழை விட்டதும் தேவாங்கிடமிருந்து படம் வந்தது. தொட்டிலுக்குள் விரல் அளவுக்கு ஒரு குழந்தை, கொட்டாவி விட்டுக்கொண்டு. 'இங்கே தூங்குகிறாள் அக்கா. உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆட்டுகிறேன்.'

அதே மழை நாளில் நரியின் வீட்டில் 'மடார்' என்று ஒரு சத்தம். பளபளத்த தொட்டில் ஒரு பக்கமாகத் தொங்கியது. குட்டி கீழே கிடந்தது. நல்லவேளை, பெண்நரி கீழே சருகைக் குவித்து வைத்திருந்தது. மூக்கு மட்டும் வீங்கியது.

வாடிய செம்பருத்தியை விலக்கிப் பார்த்தது நரி. பூவுக்கு அடியில் கொக்கி இரண்டாகப் பிளந்திருந்தது.

நேரே மரநாயிடம் ஓடியது. "அடப்பாவி! குட்டியப் போடற தொட்டில்லயாடா ஏமாத்துவே?"

மரநாய் தேனை நக்கிக்கொண்டே கேட்டது. "பூ வைக்கச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே அண்ணே?"

நரி வந்த வழியே திரும்பி நடந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? வீட்டுக்கு வந்ததும் தொட்டிலைத் துடைத்து, உடைந்த பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தது. 'எவன் தலையிலயாவது கட்டிடலாம்' என்று போனைத் தூக்கியது.

படத்துக்குள் ஏதோ ஊர்ந்து வந்தது. வீங்கின மூக்கோடு அதன் குட்டி.

நரி போனைக் கீழே வைத்தது. கொஞ்ச நேரம் குட்டியின் மூக்கையே பார்த்தது. பிறகு எழுந்து தொட்டிலைத் திருப்பி, உடைந்த கொக்கியைப் பெரிதாகப் படம் எடுத்தது. கீழே எழுதியது: 'கொக்கி உடைந்த தொட்டில். என் குட்டி இதிலிருந்து விழுந்தது. யாரும் குழந்தையைப் போடாதீர்கள். வேறு எதற்காவது ஆகும் என்றால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்.'

மறுநாள் காட்டுக்கோழி வந்தது. "எனக்கு ஆகும் அண்ணே. ஆனா நீங்க கொஞ்சம் அந்த மரத்துக்கிட்டப் போய் நில்லுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே!" நரி போய் நின்றது. கோழி தொட்டிலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

இரண்டு நாள் கழித்து நரியின் போன் 'டிங்' என்றது. திறந்து பார்த்தால், கவிழ்த்துப் போட்ட தொட்டில். அதன்மேல் வரிசையாகக் கோழியும் குஞ்சுகளும். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தன.

'ஈரத் தரையில் படுத்துப் படுத்துக் குஞ்சுகளுக்குச் சளி. இப்போது மேலே தூங்குகிறோம். நன்றி நரியண்ணே. நீங்கள் சொன்னபடி உள்ளே யாரையும் போடவில்லை.'

நரி அந்தப் படத்தைப் பெண்நரியிடம் காட்டியது. குட்டியிடம் காட்டியது. அப்புறம் வெளியே போய்த் தனியாக இன்னொரு தடவை பார்த்துக்கொண்டது.

நீதி: குறையை மறைக்காமல் கொடுத்த பொருள், போன இடத்திலிருந்து நன்றியை அனுப்பிவைக்கும்.