நுங்குக்கு மூன்று கண் வந்த கதை

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. மனுசர்களைவிட நன்றாகவே பேசின, ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக்கொண்டு கேட்கவும் செய்தது. அந்தக் காலத்தில் நுங்குக்கு ஒரே ஒரு கண்தான். நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், எனக்கென்ன! பனங்காயைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒற்றைக் கண் தளதளவென்று தண்ணீரோடு கிடக்கும்.

செம்மண் தேரிக்காட்டின் நடுவே ஒரு பனை நின்றது. அந்த வருசக் கோடையில் குளம் வற்றிப்போனது, ஊற்றும் வற்றிப்போனது. பனையிடம் மட்டும்தான் ஈரம் மிச்சம் இருந்தது. மேலே ஏறிப் பறிக்கலாம் என்றால் ரம்பப் பல் வைத்த கருக்கு மட்டை வயிற்றைக் கிழித்துவிடும். பனை கருமி இல்லை. ஆனால் உயரம் அதிகம், உயரத்தில் இருப்பவர்களுக்குக் கீழே நடப்பது எங்கே தெரிகிறது? தினமும் உச்சி வெயிலில் ஒரு காயைப் பொத்தென்று போடும். போட்டுவிட்டு, இன்றைய தருமம் முடிந்தது என்று மேகத்தைப் பார்க்கத் திரும்பிக்கொள்ளும்.

கீழே காத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மரநாய். பேச ஆரம்பித்தால் வாயில் தேன் ஒழுகும். இன்னொருவர் மயில். அவருக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம், மூக்கும் நீளம். மூன்றாவது ஆள் முள்ளெலி. பாவம், அவளுடைய வளைக்குள் மூன்று குட்டிகள் நாக்கு வறண்டு கிடந்தன.

முதல் நாள் மூவரும் ஒன்றாகக் கடித்தார்கள். கண் கிழிந்து தண்ணீர் முழுவதையும் மணல் குடித்துவிட்டது.

"இது சரிப்படாது" என்றது மரநாய். "ஒரு நாளைக்கு ஒருத்தர் குடிப்போம். நான் ஒரு பாட்டுப் பாடி ஒவ்வொருத்தரா தொட்டுக்கிட்டே வாரேன். பாட்டு யார்கிட்ட முடியுதோ அவங்களுக்கு நுங்கு. இதுல ஓரவஞ்சனைக்கே இடமில்லை. என்ன தங்கச்சி, சம்மதம்தானே?"

முள்ளெலி தலையாட்டினாள். மரநாய் முதலில் தன் நெஞ்சைத் தொட்டது. பிறகு மயில், பிறகு முள்ளெலி, திரும்பவும் தான் என்று வட்டமாகத் தொட்டுக்கொண்டே பாடியது.

*ஓலை, மட்டை, பாளை, பன்னாடை,*
*நாரு, நுங்கு, யாரு!*

'யாரு' மரநாயின் நெஞ்சில் வந்து நின்றது.

"அடடே, எனக்கா! நான் நினைக்கவே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டது.

மறுநாளும் அதே பாட்டு, அதே அடடே. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். முள்ளெலிக்குத்தான் வயிறு எரிந்தது. தினமும் 'நுங்கு' என்ற சொல் அவளைத்தான் தொடும். வந்துவிட்டது, என் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று அவள் மூச்சை இழுப்பதற்குள் 'யாரு' அடுத்த ஆளிடம் போய்விடும். மரநாய் தூக்கிப்போட்ட வெறுங்காயில் ஒட்டியிருந்த ஈரத்தைத்தான் அவள் நக்கி, பிள்ளைகளுக்குக் கொண்டுபோனாள். நம்ம தலையெழுத்து என்று நினைத்தாள்.

ஒரு சாயங்காலம் அவளுக்கு ஒரு வண்டு கிடைத்தது. ஒரு வண்டு, மூன்று வாய். சண்டை வேண்டாம் என்று அவளும் பாடித் தொட்டாள். மூத்தவளில் ஆரம்பித்து ஓலை, மட்டை, பாளை என்று போய், மூத்தவளிடமே முடிந்தது. அப்புறம் இன்னொரு வண்டு. அதுவும் மூத்தவளுக்கே.

கடைக்குட்டி தரையில் புரண்டு அழுதான். "எப்பவும் அவளுக்கேதான்! என்கிட்ட ஆரம்பிம்மா!"

"யார்கிட்ட ஆரம்பிச்சா என்னடா, பாட்டு ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டே, அவன் அழுகையை நிறுத்த அவனைத் தொட்டுப் பாடினாள். பாட்டு அவனிடமே வந்து முடிந்தது. நடுவுள்ளவளில் ஆரம்பித்தாள். அவளிடமே முடிந்தது. முள்ளெலிக்கு முதுகு முள் அத்தனையும் குத்திட்டு நின்றது. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பாட்டில் ஏழு சொல். மூன்று பேரை இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆறு. ஏழாவது, ஆரம்பித்தவருக்கே!

"அட திருட்டுப் பயலே!" என்றாள். குட்டிகள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று பயந்துபோனார்கள்.

மறுநாள் காய் விழுந்ததும் மரநாய் தொண்டையைக் கனைத்தது.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்கிட்ட ஆரம்பிங்க" என்றாள் முள்ளெலி.

மரநாயின் வால் ஆடாமல் நின்றது. "அது எதுக்குத் தங்கச்சி? வழக்கத்தை மாத்தக் கூடாதுல்லா?"

"யார்கிட்ட ஆரம்பிச்சா என்ன வே?" என்று சீறியது மயில். "பாட்டு ஒண்ணுதானே, பாடும்!"

வேறு வழியில்லாமல் மரநாய் பாடியது. 'யாரு' முள்ளெலியிடம் வந்து நின்றது. மயில் ஒரு நொடி யோசித்தது. "எங்கே, என்கிட்ட ஆரம்பியும்" என்றது. அதுவும் மயிலிடமே முடிந்தது. அதற்குப் பிறகு மயில் மரநாயைப் பனையைச் சுற்றிச் சுற்றி விரட்டிக் கொத்தியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"தப்புதான், தப்புதான்!" என்று மூச்சிரைத்தது மரநாய். "இனிமே முறை வச்சுக்குவோம். இன்னைக்கு முள்ளெலி, நாளைக்கு மயில், அடுத்த நாள் நான்."

"இப்போ சொன்னீரே, இது நியாயம்" என்றது மயில்.

நுங்கு முள்ளெலியின் கையில் இருந்தது. ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் நகரவில்லை.

"முறை நியாயம்தான்" என்றாள். "இன்னைக்கு என் பிள்ளைக குடிக்கும். நாளைக்கும் நாளன்னைக்கும் இந்த வெயில்ல அதுக என்ன செய்யும்? உங்க முறை வரைக்கும் உங்க தொண்டை என்ன செய்யும்? மூணு பேருக்கு நடுவுல ஒண்ணைப் போட்டா, எந்தப் பாட்டுப் பாடினாலும் ரெண்டு பேரு காஞ்சுதான் கிடக்கணும்."

சொல்லிவிட்டு அவள் செய்ததைப் பார்த்து இருவருக்கும் மூச்சே நின்றுவிட்டது. கடிக்காத அந்தக் காயை உருட்டிக்கொண்டுபோய்ப் பனையின் அடித்தூரிலேயே வைத்துவிட்டாள்.

"மயிலண்ணே, சத்தமா கூப்பிடுங்க. எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கோன்னு சொல்லுங்க."

மயில் அகவியது. கேட்க வேண்டுமா! தேரியே அதிர்ந்தது. கொடுத்ததை யாரும் திருப்பித் தந்து பழகாத பனைக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல்முறையாகக் கீழே குனிந்தது.

"யாரது? தருமத்தையே திருப்பித் தரும் அளவுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை தாயே" என்றாள் முள்ளெலி. "மேலே இருந்துக்கிட்டு உங்க காயை எண்ணுதிய. இவ்வளவு தூரம் குனிஞ்சிட்டிய, எங்க வாயையும் ஒருதடவை எண்ணிடுங்க."

பனை எண்ணியது. "மரநாய் ஒன்று. மயில் இரண்டு. முள்ளெலி மூன்று..." மறுபடியும் முதலிலிருந்து எண்ணியது. "அடக் கடவுளே, மூன்று பேரா! இத்தனை நாளும் ஒன்றைப் போட்டுவிட்டுப் பெருமைப்பட்டேனே!"

உடனே பனை அந்தக் காயை ஓலையால் அள்ளி எடுத்தது. பிட்டது, உருட்டியது, அமுக்கியது. கீழே வைத்தபோது உள்ளே மூன்று கண்! மூன்றும் நிறையத் தண்ணீர். மரநாய் ஒன்றைக் குடித்தது, மயில் ஒன்றைக் குடித்தது. முள்ளெலி மூன்றாவதை முதுகில் ஏற்றப் போனாள்.

"ஏ, முள்ளு குத்திரும்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். மரநாய் அதை ஓர் ஓலைத் துண்டில் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், ஒரு சொட்டுக்கூட நக்காமல் வளை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. குட்டிகள் குடித்த சத்தம் வெளியே கேட்டது. முள்ளெலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பனை எல்லாக் காயையும் அப்படியே செய்தது. வேலை மிகுதியில் கண் அசந்து, சில காயில் இரண்டே கண் வைத்துவிட்டது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அன்று முதல்தான் நுங்குக்கு மூன்று கண், கண்ணுக்குக் கண் தனித்தனித் தோல். ஒருவர் தன் பங்கைத் தோண்டிக் குடிக்கும்போது அடுத்தவர் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்துவதில்லை.