வாடை வராத சட்டினி

ஊசிக்குளத்தில் மூளை இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. கிடைத்த மூளையைச் செலவழிக்காமல் புதுசாகவே வைத்திருக்கிறவர்கள் மூன்று பேர் உண்டு. மூன்று பேரும் அண்ணன் தம்பிகள். மூத்தவன் பூதத்தான், நடுவிலவன் இசக்கியப்பன், கடைசி செல்லச்சாமி. யார் எதைச் சொன்னாலும் தட்டாமல், சொன்னதை அப்படியே செய்கிற தங்கமான பிள்ளைகள். அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

பூதத்தானுக்கு நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில், "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று உபசாரத்துக்குச் சொல்லிவிட்டார்கள். இவன் கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்களை வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான்.

அப்பேர்ப்பட்டவனை ஆவுடைக்குப் பிடித்துப்போயிற்று. ஆவுடை ஆற்றுக்கு அக்கரைக்காரி. கோயில் கொடைத் திருவிழாவில் இவனைப் பார்த்திருக்கிறாள். யாரோ செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போக, இவன் கண் இமைக்காமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவன் வந்து அதை மாட்டிக்கொண்டு நடந்தபோதும், அது தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் விடாமல் பார்த்தான். "சொன்ன சொல்லு மாறாத மனுசன்" என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. இவனுக்கும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேம்லே" என்று தம்பிகளைக் கட்டிக்கொண்டு அழுதான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆவுடையின் அப்பா நம்பிராசனும் அம்மா பிரமாச்சியும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நிபந்தனை ஒன்றுதான். "பொம்பளை இல்லாத வீடு. நாளைக்கு எம் புள்ள ஒரு நா காய்ச்சல்னு படுத்தா, ஒரு தேங்காச் சட்டினியாவது அரைக்கத் தெரிஞ்சிருக்கணும். இட்டிலியும் சட்டினியும் வைங்க. தின்னு பாத்துட்டுத்தான் பேச்சு." ஆக, பூதத்தானின் கல்யாணம் முழுசும் ஒரு கிண்ணம் சட்டினியில் வந்து நின்றது.

அன்று காலையில் இட்டிலி ஒழுங்காகவே வெந்தது. அடுத்து சட்டினி. வருகிறவர்கள் சம்பந்தக்காரர்கள், கொஞ்சமாக அரைத்தால் மரியாதை இல்லை என்று தேங்காயைக் கீறி மிக்சி ஜாரில் போட்டார்கள். பொரிகடலையைக் கொட்டினார்கள். மிளகாயைத் திணித்தார்கள். சந்து தெரிந்த பக்கமெல்லாம் கட்டைவிரலால் அமுக்கி, மேலே இன்னொரு தேங்காயை வைத்தார்கள். மூடி உட்காரவில்லை. செல்லச்சாமி இரண்டு கையையும் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான். சுவிட்சைப் போட்டதும் மிக்சி முனகியது. சுற்றவில்லை. பிறகு ஒரு வாடை வந்தது.

"ஏல, என்னமோ கருகுத வாடை அடிக்கு" என்றான் பூதத்தான்.

"இட்டிலியா இருக்கும்ணே."

"இட்டிலியைத்தான் எறக்கியாச்சே."

இசக்கியப்பன் ஜாரை உற்றுப் பார்த்தான். "அப்ப அடிப்பிடிக்கு. தீயைக் குறைக்கணும்."

மிக்சியின் திருகை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தார்கள். அப்படியும் வாடை நிற்கவில்லை. லேசாகப் புகையும் வந்தது. பயந்துபோய், டவுனில் மிக்சி ரிப்பேர் பார்க்கிற தங்கப்பழத்துக்குப் போன் போட்டார்கள். நல்ல மனிதர். இவர்களை முன்பின் தெரியாதவர்.

"மொதல்ல சுவிட்சை அமத்துங்க. நல்லா ஆற விடுங்க. ஆறுனதும் கூப்பிடுங்க" என்றார் தங்கப்பழம்.

போனை வைத்ததும் ஆலோசனை ஆரம்பித்தது.

"எந்த சுவிட்சுன்னு அண்ணாச்சி சொல்லலயே?" என்றான் செல்லச்சாமி.

"வெவரமான மனுசன் ஒண்ணைச் சொல்லலைன்னா, எல்லாத்தையும் சொல்லுதாருன்னு அர்த்தம்" என்றான் இசக்கியப்பன்.

வீட்டிலிருந்த சுவிட்சையெல்லாம் அமத்தினார்கள். மெயினையும் அமத்தினார்கள். அதோடு விட்டார்களா? செல்லச்சாமி பக்கத்து வீட்டுக்கு ஓடி, அங்கே இருந்த மெயினையும் அமத்திவிட்டு வந்தான். அந்தப் பக்கத்து வீடு என்னுடையது. ஃபேன் நின்றதும் வேர்த்து விறுவிறுத்து, நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். போன இடத்தில் நடந்ததைப் பார்த்ததும் கேட்க வந்ததை மறந்துவிட்டேன்.

மூன்று பேரும் மிக்சியைச் சுற்றி உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பூதத்தான் இடையிடையே ஊதியும் விட்டான்.

"பாலுன்னா ரெண்டு தம்ளர்ல மாத்தி மாத்தி ஊத்தி ஆத்திறலாம். இதை எதுலருந்து எதுல ஊத்த?" என்று கவலைப்பட்டான் இசக்கியப்பன்.

"ஆறிட்டான்னு எப்படித் தெரியும்?"

"காப்பி ஆறிட்டான்னு எப்படிப் பாப்போம்? அப்படித்தான்."

செல்லச்சாமி குனிந்து மிக்சியை ஒரு நக்கு நக்கினான். கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தான். "ஆறிட்டு" என்றான்.

மறுபடி போன். இந்த முறை தங்கப்பழம், "ஜாருல இருக்கதை எடுத்துருங்க. வெறும் ஜாரை வச்சு ஓட்டுங்க. வாடை வருதா பாருங்க" என்றார். ஜாரைக் காலி செய்து, மெயினைப் போட்டு ஓட்டினார்கள். மிக்சி சர்ரென்று சுற்றியது. வாடையே இல்லை.

"அப்ப மிக்சி மேல தப்பில்ல. தேங்கா மேலதான் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னான் இசக்கியப்பன்.

தேங்காயை எடுத்து ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள். அதிலும் கருகல் வாடை இல்லை. எனக்கும் நீட்டினார்கள். நானும் மோந்து பார்த்து, இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இதுவும் நல்லது, அதுவும் நல்லது. தனித்தனியா இருந்தா ஒரு கொறையும் இல்ல. ஒண்ணாச் சேந்தாத்தான் கருகுது" என்றான் இசக்கியப்பன்.

பூதத்தானின் முகம் செத்துப்போயிற்று. "ஏல, நானும் நல்லவன்தான். ஆவுடையும் நல்லவதான். சேந்தா எங்களுக்கும் இப்படித்தான் ஆவுமோ?"

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. தேங்காயை இன்னொரு தடவை மோந்து பார்த்துக்கொண்டேன்.

தங்கப்பழத்திடம் மறுபடி கேட்டார்கள். மனிதர் பொறுமையாகச் சொன்னார். "மோட்டாருல ஒண்ணும் இல்ல. இப்ப தேங்காயைப் போட்டு ஓட்டுங்க. ஆனா வாடை வந்தா ஒடனே நிறுத்திருங்க. இல்லைன்னா மோட்டாரு காயில் எரிஞ்சிரும்."

எடுத்து வைத்த தேங்காயையெல்லாம் மறுபடியும் ஜாரில் ஏற்றினார்கள். ஆனால் ஓட்டவில்லை. இசக்கியப்பன் கையை உயர்த்தித் தடுத்துவிட்டான்.

"அவசரப்படாதிய. வாடை வந்தா நிறுத்தணும். நிறுத்துனா சட்டினி இல்ல. சட்டினி இல்லைன்னா மதினி இல்ல. ஆக, மதினி வரணும்னா வாடை வரப்படாது."

"அதுக்கு?"

"சாம்பிராணி போடு."

வீட்டிலிருந்த சாம்பிராணி முழுவதையும் தணலில் கொட்டினார்கள். ஊதுபத்தி கட்டோடு எரிந்தது. போதாக்குறைக்கு ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு எடுத்து மூக்கிலும் அடைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தான் செல்லச்சாமி. பிறகு மிக்சியைப் போட்டு, "வாடை வருதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் வரவில்லை. மிக்சியிலிருந்து புகை வந்தது, சாம்பிராணியிலிருந்தும் வந்தது, எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதித் தேங்காய் திப்பியும் திரியுமாக அரைபட்ட நேரத்தில் மிக்சி பொசுக்கென்று நின்றுவிட்டது.

"நாம நிறுத்தலயே" என்றான் செல்லச்சாமி.

"அதுவா நின்னுட்டு. அதுக்கு வாடை தெரிஞ்சிருக்கு. அதுக்குப் பஞ்சு வைக்க மறந்துட்டோம்லே" என்று தலையில் அடித்துக்கொண்டான் இசக்கியப்பன்.

பூதத்தான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். போனை அவனே வாங்கினான். "அண்ணாச்சி, என் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு."

தங்கப்பழத்துக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மனசு இரங்கியது. "பயப்படாதிய தம்பி. சூடு தாங்காம அதுவா நின்னிருக்கும். கொஞ்சம் பொறுத்து, மிக்சியைக் கவுத்துங்க. அடியில செவப்பா ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்குங்க."

கொஞ்சம் பொறுத்தார்கள். ஜாரைக் கழற்றிவிட்டுக் கவிழ்க்கச் சொல்லவில்லை அல்லவா? அதனால் கழற்றவில்லை. சிந்தாமல் இருக்க மூடியைத் திறந்து வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் யார் என்பதில் இன்றைக்கும் அந்த வீட்டில் சண்டை உண்டு. பூதத்தான் பெண் வீட்டாருக்காகக் கட்டியிருந்த புது வேட்டியோடு கீழே உட்கார்ந்து தாங்கிப் பிடிக்க, தம்பிகள் இருவரும் மிக்சியைக் கவிழ்த்தார்கள். சட்டினி முழுவதும் மாப்பிள்ளையின் மடியில் இறங்கியது. செல்லச்சாமி பொத்தானை அமுக்கினான்.

"அமுக்கியாச்சா? இப்ப ஓட்டுங்க" என்றார் போனில் தங்கப்பழம்.

நிமிர்த்தி வைத்து ஓட்டினார்கள். சர்ரென்று சுற்றியது.

"சத்தம் நல்லாக் கேக்கு. வாடை வருதா?"

"துளி இல்ல அண்ணாச்சி."

"அவ்வளவுதான், சரியாயிட்டு. இப்ப எப்படி ஓடுதோ அப்படியே ஓட்டுங்க. எதையும் மாத்திராதிய."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பூதத்தான் மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டு, "அப்ப இந்தத் தேங்காயை ஜாருல போட வேண்டாமா?" என்று கேட்டான்.

"போட்டா மாத்துன மாதிரி ஆயிரும்லா? அண்ணாச்சி படிச்சுப் படிச்சுச் சொல்லுதாரு" என்றான் இசக்கியப்பன். கேட்டால் நியாயமாகத்தான் பட்டது.

அதற்குள் வாசலில் நம்பிராசனும் பிரமாச்சியும் வந்துவிட்டார்கள். அக்கரைக்காரர்கள் என்றேனே தவிர, இரண்டு ஊரும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். புகைக்குள் தடவித் தடவி நடந்து வந்தார் நம்பிராசன்.

"சாம்பிராணியெல்லாம் போட்டிருக்காவளே. பக்தியான குடும்பம்" என்று மனைவியிடம் சொன்னார்.

"வேட்டியில என்ன தம்பி?" என்று கேட்டாள் பிரமாச்சி.

"தேங்கா, அத்தை" என்றான் பூதத்தான்.

அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்கள். பூதத்தான் அவர்கள் கண்ணெதிரிலேயே வெறும் ஜாரை மிக்சியில் வைத்து, மூடியை மூடி, பயபக்தியோடு ஓட்டினான். நிறுத்தினான். ஜாரைக் கழற்றி ஒவ்வொரு இட்டிலியின் மேலும் நிதானமாகச் சாய்த்தான். எனக்கும் ஊற்றினான். இலையை விட்டு ஓடிவிடாமல் நான் விரலால் அணை கட்டிக்கொண்டேன்.

நம்பிராசன் ஒரு விள்ளல் பிட்டுத் தொட்டு வாயில் போட்டார். மென்றார். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"சட்டினி நல்லா இருக்கு. உப்புத்தான் ஒரு கல்லு கம்மி" என்றார்.

"தேங்காயை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். ஆனா அரைச்ச பதம் ஒண்ணாம் நம்பர். திப்பியே இல்ல" என்றாள் பிரமாச்சி.

பூதத்தானுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நம்பிராசன் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பூதத்தான் ஜாருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றான். "தீந்துட்டே மாமா" என்றான், வெட்கத்தோடு.

"அடியில ஒட்டியிருக்கும், வழிச்சு ஊத்துண்ணே" என்று கரண்டியை நீட்டினான் இசக்கியப்பன்.

"வேண்டாம், வேண்டாம். அதைத் தூக்குல போட்டுக் குடுங்க. ஆவுடைக்குக் கொண்டு போறோம். கட்டிக்கிடப் போறவ அவ. அவளும் ருசி பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாள் பிரமாச்சி.

ஜாரைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தூக்குவாளியில் போட்டு, பஸ்ஸில் தளும்பிவிடாமல் இறுக்கி மூடி, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். பிரமாச்சி அதைச் சாய்க்காமல் மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் விடிந்ததும் நம்பிராசனிடமிருந்து போன் வந்தது. பூதத்தானுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. இசக்கியப்பன்தான் எடுத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

"மதினிக்குச் சம்மதமாம்ணே. ஆவணியில முகூர்த்தம் பாக்கச் சொல்லிட்டாவ."

பூதத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். சந்தோஷம் தாங்காமல் செல்லச்சாமியும் சேர்ந்து அழுதான். அழுகையெல்லாம் ஓய்ந்தபிறகு, "வேற ஏதாவது சொன்னாளாலே?" என்று கேட்டான் பூதத்தான்.

"சட்டினி மட்டும் பஸ்ஸுல வந்த வேக்காட்டுல லேசாப் புளிச்சிட்டாம்" என்றான் இசக்கியப்பன். "நான் அப்பவே சொல்ல நெனச்சேன், தாளிக்காமக் குடுத்து விடாதியன்னு."